கண் சிமிட்டாத பெரில் அம்மாள்

மனிதனாகப் பிறந்தவன் என்றைக்காவது ஒரு நாள் சாகத்தான் வேண்டும். ஆனால் கௌரவமாகச் சாக வேண்டும், நாலு பேர் பார்க்கச் சாக வேண்டும், செத்த பிறகு அதே தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்குப் பூலோகத்தில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது இங்கிலாந்தில் உள்ள லிட்டில் கிராக்கம் என்னும் கிராமம்.

பதினான்கு வருஷமாக 'இன்ஸ்பெக்டர் லாங்ஸ்டாஃப்' தொலைக்காட்சித் தொடர் அங்கேதான் படமாகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு வந்துவிட்டால் தேசமே மத்தியானம் சாப்பிட்ட மாட்டிறைச்சி வறுவலைச் செரித்தபடி சோபாவில் சாய்ந்து, இந்த வாரம் லிட்டில் கிராக்கத்தில் செத்தது யார் என்று பார்க்கும். மூல நாவல்களை எழுதிய மிஸ் பெர்பெட்டுவா கிளேவ் ஒன்பது புத்தகங்களோடு நிறுத்திக்கொண்டு பரலோகம் போய்விட்டார். ஒரு புத்தகத்துக்கு ஒரு கொலை. எல்லாக் கொலைகளும் புகை மண்டிய ஒரு தொழிற்சாலை நகரத்தில். தொலைக்காட்சிக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். புகையை எடுத்துவிட்டு ரோஜாக் கொடியைப் படரவிட்டார்கள். மூன்றாவது வருஷமே நாவல்கள் தீர்ந்துபோயின. கொலைகள் தீரவில்லை.

இத்தனை கொலை நடந்த ஊரில் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை என்பதே அதன் அமைதிக்குச் சான்று. இருந்த ஒரு காவல் நிலையத்தையும் அரசாங்கம் 'சிக்கனம் கருதி' மூடிவிட்டது. பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் தொடர்காரர்கள் வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, நீல விளக்கு மாட்டி, லாங்ஸ்டாஃபின் காவல் நிலையமாக்கினார்கள். உண்மையான காவல் நிலையமாக இருந்த காலத்தில் அது இவ்வளவு சுத்தமாக இருந்ததுமில்லை, அங்கே இவ்வளவு குற்றவாளிகள் பிடிபட்டதுமில்லை என்று ஊரே ஒப்புக்கொள்கிறது.

அந்த ஊரில் ஒருவருக்கு என்ன மரியாதை என்பது அவர் தொடரில் எப்படிக் கொல்லப்பட்டார் என்பதைப் பொறுத்தது. துப்பாக்கிக் குண்டு என்றால் சாதாரணம். வணக்கம் சொன்னால் போதும். விஷம் கொஞ்சம் உசத்தி. போட்டியில் முதல் பரிசு வாங்கிய பூசணிக்காய் மண்டையில் விழுந்து செத்த இறைச்சிக் கடைக்காரரைக் கண்டால் பெரிய பண்ணைக்காரர்களே தொப்பியைத் தொடுவார்கள். எல்லோருக்கும் மேலே இருந்தவள் பமீலா ஃபென்விக் அம்மாள். அவள் ஒரு முறை தோட்டக் கத்தரிக்கோலால் குத்தப்பட்டாள். அடுத்த வருஷம் செம்பட்டை விக் வைத்து, செத்தவளின் இரட்டைச் சகோதரியாக வந்து, ஆப்பிள் மதுத் தொட்டியில் மூழ்கினாள். 'இரு முறை இறந்தவர்' என்ற பெருமையோடு ஊரின் மலர்க்குழு, தேநீர்க்குழு, ஜாம்குழு மூன்றுக்கும் அவளே தலைவி.

இந்தப் பொன்னுலகத்தில் பெரில் ஸ்னெல்கிரோவ் அம்மாள் மட்டும் உயிரோடு இருந்தாள்.

பெரில் அம்மாள் புனித வில்ஃப்ரிட் ஆலயத்தின் காப்பாளர். அறுநூறு வருஷத்துக் கோயில். அதன் சுவர், மணி, வெள்ளிக் கிண்ணம், ஈயத் தகடு வேய்ந்த கூரை எல்லாவற்றையும் காப்பேன் என்று கையில் கோல் பிடித்துச் சத்தியம் செய்து பதவியேற்றவள். அப்படிப்பட்டவளுக்குப் பதினான்கு வருஷத்தில் கிடைத்தது என்ன? சவ ஊர்வலத்தில் ஒரு முதுகு. கேக் கடை வரிசையில் ஒரு காது. ஒரு மழைக் காட்சியில் அவளுடைய குடை.

"அந்த வாரம் குடைதான் பிரமாதமா நடிச்சுது பெரில்," என்று பமீலா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே, ஒரு செவ்வாய்க்கிழமை பெரில் அம்மாள் ஆரஞ்சு மர்மலேடு கிண்டிக்கொண்டிருந்தபோது, தொடரின் உதவி இயக்குநர் ஜெம்மா, இடுப்பில் வாக்கி-டாக்கியோடு சமையலறைக்குள் நுழைந்து, "பெரில், உங்களைக் கொல்லலாம்னு இருக்கோம்," என்று சொன்னதும், அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நிஜமாவா?"

"இந்த வருஷத்துக் கடைசிக் கதை. கோயில் மணி அடிக்கிற அம்மா. கல்லறைத் தோட்டத்துல மல்லாந்து கிடப்பீங்க. வெள்ளி மெழுகுவத்தித் தண்டால மண்டையில ஒரே போடு. கண்ணு திறந்திருக்கும்."

"கண்ணு திறந்தா?" பெரில் அம்மாள் கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பமீலா இரண்டு முறையும் கண்ணை மூடிக்கொண்டுதான் செத்திருந்தாள்.

மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் டெஸ்மண்ட் நிமிர்ந்தார். மிஸ் கிளேவின் ஒன்பது நாவல்களையும் கரைத்துக் குடித்தவர் அவர். தொடரை ஒரு வாரம் விடாமல் பார்த்து, ஒரு வாரம் விடாமல் வெறுப்பவர்.

"புத்தகத்துல அது மணி அடிக்கிற அம்மா இல்ல. டிராம் பரிசோதகர்."

"டிராமுக்குப் பட்ஜெட் இல்ல சார்," என்றாள் ஜெம்மா.

"புத்தகத்துல அவர் கண்ணை மூடிட்டுதான் கிடப்பார்."

"டெஸ்மண்ட்," என்றாள் பெரில் அம்மாள், "என் வாழ்க்கையில நல்லது ஒண்ணு நடக்கும்போது நடுவுல புத்தகத்தைக் கொண்டு வராதே."

அன்று முதல் அவள் சாகப் பழகினாள். சமையலறைத் தரையில் செத்தாள். மாடிப்படியில் செத்தாள். டெஸ்மண்ட் தேநீர்க் கோப்பையோடு அவளைத் தாண்டித் தாண்டிப் போகப் பழகினார். மல்லாந்து கிடந்து, கூரையில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண் சிமிட்டாமல், மூச்சை வயிற்றுக்குள் அடக்கி... ஒரு தடவை பால்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அருமை மிஸஸ் ஸ்னெல்கிரோவ்!" என்று கை தட்டிவிட்டுப் போனார். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

படப்பிடிப்பு நாள் வந்தது. ஊருக்குள் கேமரா வண்டி, விளக்கு வண்டி, சாப்பாட்டு வண்டி, லாங்ஸ்டாஃபாக நடிக்கும் அலிஸ்டர் பென்ரட் இளைப்பாறுவதற்கு ஒரு வண்டி என்று வரிசை கட்டி வந்தன. மாவட்டத் தலைநகரிலிருந்து உண்மையான போலீஸ்காரர்கள் இருவர், படப்பிடிப்புக்காகப் போக்குவரத்தை நிறுத்துவதற்கென்று வந்திருந்தார்கள். ஊர் மக்கள் அவர்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள்.

வண்டிகளின் கடைசியில் இன்னொரு பழைய லாரியும் வந்தது. அதில் ஏணிகளும், மஞ்சள் மேல்சட்டை அணிந்த மூன்று பேரும் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் பால் வண்டியை நிறுத்தி, லாரிக்கு வழி விட்டார்கள்.

"நீங்க எந்தப் பிரிவு?" என்று ஜெம்மா கேட்டாள்.

"கூரை," என்றார் மூவரில் பெரியவர்.

கூரை என்றால் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று ஜெம்மா முடிவு செய்தாள். மஞ்சள் சட்டை என்றால் சினிமாவைச் சேர்ந்தவர்கள் என்று கோயிலைச் சேர்ந்தவர்கள் முடிவு செய்தார்கள். இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று இவ்வளவு முழுமையாக நம்பியது இங்கிலாந்தின் சரித்திரத்தில் அபூர்வம்.

பெரில் அம்மாளுக்கு இவை எதுவும் தெரியாது. அவளை ஈரப் புல்லில் படுக்க வைத்து, நீலக் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைச் சரிசெய்து, நெற்றியிலும் வாயோரத்திலும் சர்க்கரைப்பாகு ரத்தம் தடவியிருந்தார்கள். இயக்குநர் ரூபர்ட் குனிந்து அவள் மோவாயைத் தொட்டு, முகத்தைக் கோயில் கூரைப் பக்கம் திருப்பினார்.

"அங்கேயே பாருங்க செல்லம். மேகத்தைப் பார்க்கிற மாதிரி. உங்க உயிர் அங்கதான் போயிருக்கு."

பெரில் அம்மாள் பார்த்தாள். அவள் உயிர் போயிருந்த இடத்தில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

விளக்கு கட்டுகிறவர்கள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அவர்கள் எதையும் கட்டவில்லை; உரித்தார்கள். ஆழாக்கு அரிசி வேகும் நேரத்தில் வடக்குப் பக்க ஈயத் தகட்டை நுனியில் நெம்பி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கயிற்றில் கட்டி இறக்கிவிட்டார்கள். பழைய காயலான் சந்தையில் ஈயத்துக்கு நல்ல கிராக்கி. பக்கத்து மாவட்டத்தில் இரண்டு கோயில்கள் இப்படி மொட்டையான கதை அவளுக்குத் தெரியும்.

பழுது பார்க்கிறார்களோ? இல்லை. புனித வில்ஃப்ரிட் ஆலயத்தில் ஒரு விளக்கு பல்பை மாற்றுவதற்கே பேராயர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, குழு கூடி, பழமைப் பாதுகாப்பாளர் வந்து பல்பைச் சுற்றிப் பார்த்து, அனுமதி வருவதற்குள் கிறிஸ்துமஸ் இரண்டு தடவை வந்துவிடும். எல்லா விண்ணப்பமும் பெரில் அம்மாள் கையெழுத்தோடுதான் போக வேண்டும். கூரைக்கு அவள் கையெழுத்துப் போடவில்லை.

அவள் கண் சிமிட்டினாள்.

"கட்!" என்று ரூபர்ட் கத்தினார். "பிணம் சிமிட்டிடுச்சு!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. கல்லறைத் தோட்டத்து யூ மரத்தடியில் நின்ற பமீலா அம்மாள் தன் கம்பளிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அதுவும் நீலம். அதே பொத்தான்கள்.

டெஸ்மண்ட் ஃபிளாஸ்கோடு ஓடி வந்தார். "சூப் குடிக்கிறியா?"

பேசினால் வாயோர ரத்தம் விரிசல் விடும் என்று சொல்லியிருந்தார்கள். பெரில் அம்மாள் உதட்டை அசைக்காமல் கண்ணை மேலே உருட்டினாள். கூரை. கீழே. மறுபடி கூரை.

டெஸ்மண்ட் உற்றுப் பார்த்தார். "ஏன் இப்படி முழிக்கிறே? புத்தகத்துல அந்தப் பரிசோதகர் ரொம்ப நிம்மதியாச் செத்திருப்பார்."

அவள் இன்னும் பலமாக உருட்டினாள்.

"அப்போ சூப் வேணாமா? சரி, நானே குடிச்சுடறேன்."

இதற்குள் ஒலிப்பதிவாளர் புகார் செய்தார்: மேலே டங் டங் என்று சத்தம். ஜெம்மா ஏணியடிக்கு ஓடினாள். பெரில் அம்மாளுக்கு உயிர் வந்தது. அதாவது, செத்தபடியே உயிர் வந்தது. பிடித்துவிடுவாள்!

"அண்ணே! நாங்க 'ஆக்‌ஷன்' சொன்னா கொஞ்சம் நிறுத்திட்டு, 'கட்' சொன்னதும் செய்ய முடியுமா?"

"அதுக்கென்ன கண்ணு. உங்க வேலை உங்களுக்கு, எங்க வேலை எங்களுக்கு," என்றார் மேலிருந்தவர்.

"ரொம்ப நன்றி! இந்தாங்க, இதுல கேக்கும்." ஜெம்மா ஒரு வாக்கி-டாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள்.

அதன்பின் திருட்டு ஒழுங்குக்கு வந்தது. 'ஆக்‌ஷன்' என்றால் மூவரும் கை கட்டி நின்றார்கள். கீழே பிணம் கிடப்பதைப் பார்த்து, தொப்பியையும் கழற்றிக்கொண்டார்கள். 'கட்' என்றால் உரித்தார்கள். இங்கிலாந்தில் ஏணி மேல் நிற்கிற மனிதனுக்குத் தேநீர் கொடுக்காமல் விடுவது பாவம். ஆகவே தேநீர்க்குழுவும் கடமையில் இறங்கியது. பெரில் அம்மாளின் தலைமாட்டுப் பக்கம் பமீலாவின் குரல் கேட்டது.

"சர்க்கரை எத்தனை கண்ணு?"

"ரெண்டும்மா. இவனுக்கு மூணு."

"இஞ்சி பிஸ்கெட்டும் இருக்கு. நல்லாச் சாப்பிடுங்க, எவ்வளவு பாரம் தூக்கறீங்க!"

பெரில் அம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ரத்தம் விரிந்தால் விரியட்டும் என்று, "ஜெம்மா, மேலே பாரு, அந்த ஆளுங்க..." என்று ஆரம்பித்தாள்.

ஜெம்மா மண்டியிட்டாள். அவள் குரல் தேனாக இருந்தது. "என்ன பெரில்? குளிருதா? முதுகு வலிக்குதா? முடியலைன்னா சொல்லிடுங்க, வெட்கமே படாதீங்க. பமீலா அதே சட்டையோட ரெடியா நிக்கறாங்க. அஞ்சு நிமிஷத்துல படுக்க வெச்சுடலாம்."

யூ மரத்தடியில் பமீலா ஏற்கெனவே காதணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை! அதுவும் கண் திறந்து! பெரில் அம்மாள் கூரையைப் பார்த்தாள். தெற்குப் பக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஒரு பக்கம், அறுநூறு வருஷம் மழையை நிறுத்திய கூரையும், கோல் பிடித்துச் செய்த சத்தியமும். இன்னொரு பக்கம், காதணி கழற்றிய பமீலாவின் காது. தர்மசங்கடம் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதில் தர்மத்தின் பங்கு அன்றைக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல," என்றாள் பெரில் அம்மாள். "கண்ணுல தூசி."

அதற்குப் பிறகு அவள் சிமிட்டவில்லை. அப்படி ஒரு பிணத்தை ரூபர்ட் தன் தொழிலில் பார்த்ததில்லை.

உச்சக் காட்சிக்கு அலிஸ்டர் பென்ரட் வந்தார். மழைக்கோட்டு, தொப்பி, துயரமான மீசை. அவள் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றினார். அவருடைய தலைக்கு நேர் மேலே, கூரையில், மூவர் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார்கள்.

"இந்தப் பெண்மணி," என்றார் அலிஸ்டர், தேசத்தையே உருக்கும் குரலில், "சாகிற நேரத்தில் எதையோ பார்த்திருக்கிறாள். அது என்ன என்று மட்டும் தெரிந்துவிட்டால், திருடன்... மன்னிக்கணும், கொலைகாரன்! மறுபடி எடுக்கலாமா?"

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் 'திருடன்' என்றே வாய் தவறினார். மூன்றாவது தடவை எடுத்து முடித்ததும் அலிஸ்டருக்கே ஒரு யோசனை வந்தது.

"ரூபர்ட், இவங்க எதைப் பார்த்துட்டிருந்தாங்கன்னு நான் திரும்பி மேல பார்க்க வேண்டாமா? துப்பறிகிறவன் இல்லியா நான்?"

பெரில் அம்மாளின் இதயம் நின்றது. நல்ல பிணத்துக்கு அது தேவைதான்.

ரூபர்ட் யோசித்தார். "வேண்டாம் செல்லம். நீங்க மேல பார்த்தா கழுத்துத் தொங்கல் தெரியுது."

அலிஸ்டர் பார்க்கவில்லை.

சாயங்காலம் எல்லாம் முடிந்தது. மொத்தப் படக்குழுவும் எழுந்து நின்று பெரில் அம்மாளுக்குக் கை தட்டியது. மூவரில் பெரியவர் வாக்கி-டாக்கியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். தேநீர்க் கோப்பைகளைக் கழுவியும் வைத்தார். ஆறு ஊர்க் கோயில்களுக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்த பாதிரியார் ஜூலியன் பாட்ஸ் அப்போதுதான் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"ஒரு கை குடுங்க சாமி," என்றார் பெரியவர், கடைசிச் சுருளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு.

"தாராளமா! அப்பாடி, என்ன கனம்! சினிமாவுல எல்லாம் அட்டையிலதான் செய்வாங்கன்னு நினைச்சிருந்தேன்."

போலீஸ்காரர்கள் போக்குவரத்தை நிறுத்தினார்கள். லாரி போயிற்று. ஊர் கை அசைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. ஆராதனையின் முதல் பாட்டிலேயே ஆர்கன் வாசிப்பவர் நனைந்தார். இரண்டாவது பாட்டில் பலிபீடம் நனைந்தது. ஆங்கிலேயர்கள் மழையைப் பற்றி எந்த இடத்திலும் பேசுவார்கள். கோயிலுக்குள் பெய்கிற மழையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தெரியாததால், ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு கடைசி ஆமென் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாலை ஊர்க் கூடத்தில் 'அவசரக் கூட்டம்' நடந்தது. பாதிரியார் மாவட்டப் போலீசுக்கு ஒலிபெருக்கியில் போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி நெடுநேரம் போனில் வயலின் இசை ஒலித்த பிறகு ஒரு குரல் வந்தது.

"எந்த ஊர்?"

"லிட்டில் கிராக்கம்."

"நிஜமா, தொடரா?"

"நிஜம்! எங்க கோயில் கூரையைக் காணோம்!"

"கூரையா? போன மாசம் ஒருத்தர் போன் பண்ணி, உங்க ஊர் ஏரியில ஒரு கர்னல் செத்து மிதக்கறார்னார். ஆள் அனுப்பினோம். கர்னல் சாண்ட்விச் சாப்பிட்டுட்டிருந்தார். யாராவது கண்ணால பார்த்தீங்களா?"

பாதிரியார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தன் காலணிகளைப் பார்த்தது.

"பார்த்தேன்," என்றார் இறைச்சிக் கடைக்காரர். "ஆனா அவங்க யாருன்னு யாரும் அறிமுகப்படுத்தலை. அறிமுகம் இல்லாதவங்ககிட்டப் போய் 'என்ன பண்றீங்க'ன்னு கேக்கறது நல்லாவா இருக்கும்?"

"நானும் பார்த்தேன்," என்றாள் பமீலா. "ரொம்ப மரியாதையான பசங்க. திருடன்னா 'தயவுசெஞ்சு'ன்னு சொல்லுவானா?"

"நான் தூக்கியே விட்டேன்," என்றார் பாதிரியார் பலவீனமாக.

"புத்தகத்துல கூரையே கிடையாது," என்றார் டெஸ்மண்ட்.

அப்போது எல்லோருடைய பார்வையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரில் அம்மாள் பக்கம் திரும்பியது. கூரையின் காப்பாளர். அன்று பகல் முழுவதும் அந்தக் கூரையையே, கண் சிமிட்டாமல், பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள்.

"பெரில்," என்றார் பாதிரியார், "நீங்க..."

பெரில் அம்மாள் எழுந்தாள். சொல்லிவிடலாமா? சொன்னால், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதில் பமீலா முன்னால் சொல்லக்கூடிய பதிலா?

"நான் செத்துக் கிடந்தேன்," என்றாள்.

கூடம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. உண்மைதானே! பிணத்திடம் போய் என்ன கேட்க முடியும்? கண் திறந்திருந்தால் மட்டும் ஆயிற்றா? 'கடமையின்போது அசையாதிருந்த' பெரில் அம்மாளுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் பாதிரியார். வழிமொழிந்தவள் பமீலா, அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்திருந்தாள். போலீஸ்காரர் ஒரு புகார் எண்ணைக் கொடுத்து, 'லாங்ஸ்டாஃபுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க' என்று போனை வைத்துவிட்டார்.

தொடர்காரர்கள் ஊரைக் கைவிடவில்லை. அடுத்த வருஷக் கதைகளில் கோயில் மொட்டையாகத் தெரிந்தால் 'தொடர்ச்சி' கெட்டுவிடும் என்று, சாம்பல் வர்ணம் பூசிய ஸ்பாஞ்சில் புதுக் கூரை செய்து மாட்டினார்கள். தெருவிலிருந்து பார்த்தால் பழைய ஈயத்தைவிட ஈயமாக இருந்தது. மழைக்குத்தான் தொலைக்காட்சி பார்க்கும் பழக்கமில்லை. ஞாயிறு ஆராதனை ஊர்க் கூடத்துக்கு மாறியது. அறுநூறு வருஷச் சுவரில் பாசி ஏறியது. பெரில் அம்மாள் தினமும் சாவியோடு போய்க் கதவைத் திறந்து, வாளிகளைக் காலி செய்துவிட்டு வந்தாள். ஆனால் தெருவில் அவளைக் கண்டவர்கள் தொப்பியைத் தொட்டார்கள். மலர்க்குழுத் தலைமை அவள் கைக்கு வந்தது. இரவில்தான் கண்ணை மூட முடியவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

குளிர்காலத்தில் அந்தக் கதை ஒளிபரப்பாயிற்று. வழக்கம்போல ஊரே கூடத்தில் பெரிய திரை கட்டி உட்கார்ந்தது. முதல் வரிசையில், நட்ட நடுவில், பெரில் அம்மாள். அவளுக்கு நேர் பின்னால் பமீலா.

திரையில் கல்லறைத் தோட்டம் விரிந்தது. நீலச் சட்டைப் பிணம். அதற்குமேல் கோயில். கோயிலுக்குமேல், பட்டப்பகல் வெளிச்சத்தில், பாதி உரித்த கூரையில், மூன்று முகங்கள். மூலையில் லாரியும் நின்றது. எண் பலகையின் ஒவ்வொரு எழுத்தும் துடைத்து வைத்ததுபோல் தெரிந்தது. யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இருட்டில் பேனா தேடினால் பக்கத்து நாற்காலிக்காரருக்கு இடைஞ்சல்.

"பாரேன், தொப்பியைக் கழட்டிட்டு நிக்கறாங்க," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "நல்ல வளர்ப்பு."

பிறகு பெரில் அம்மாளின் இரண்டு கண்களும் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தன. அவை எதையோ பார்த்தன. எதையோ சொல்லத் துடித்தன. சொல்லாமல் இருந்தன. கூடம் மெய்சிலிர்த்தது.

"என்ன நடிப்பு!" என்றார் இறைச்சிக் கடைக்காரர். "செத்தவளைப் பார்த்தா கொலை பண்ணினவ மாதிரியே இருக்கு!"

கதை முடிவுக்கு வந்தது. லாங்ஸ்டாஃப் சந்தேகத்துக்குரியவர்களை எல்லாம் ஒரு வரவேற்பறையில் உட்கார வைத்துக் கணப்படுப்பின் முன்னால் நின்றார். மெல்லத் திரும்பிக் கேமராவைப் பார்த்தார். அதாவது, கூடத்தைப் பார்த்தார்.

"பார்த்தவர்கள் பலர். வாய் திறந்தவர் ஒருவருமில்லை. குற்றவாளி இந்த அறைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்."

ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில் ஊரார் ஒருவரையொருவர் விரலால் காட்டிச் சிரிப்பது வழக்கம். இந்த முறை ஒரு விரலும் எழவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் கோயிலுக்குள்ளும் பெய்யும் சத்தம் கூடத்தில் நன்றாகக் கேட்டது.

பெரில் அம்மாள் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் தப்பை ஒப்புக்கொள்கிற பிள்ளைபோல, பயந்து, ஆனால் முழுசாகத் தூக்கினாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

பின் வரிசையிலிருந்து பமீலா குனிந்து அவள் காதருகே சொன்னாள்: "கையை இறக்கு பெரில். மறைக்குது."

பெரில் அம்மாள் உடனே கையை இறக்கி மன்னிப்புக் கேட்டாள். திரையை மறைப்பதைவிடப் பெரிய குற்றம் எதையும் லிட்டில் கிராக்கத்தில் இன்றுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.